மலையடியில் எண்ணெய் உண்டா?

காவிரிப் படுகையில் வெடி வைத்து எண்ணெய் தேடுகிறார்களாமே, எங்கள் ஊரிலும் தேடுவார்களா?
– வாசகி, திருத்தணி

அந்தக் கவலை வேண்டியதில்லை. திருத்தணியைச் சுற்றியுள்ள தரை பெரும்பாலும் தொன்மையான கடினப் பாறை. எண்ணெயோ, காவிரிப் படுகையிலுள்ள நரிமணத்தின் அடியில் உள்ளதைப் போல மணலும் களிமண்ணும் உயிரின எச்சங்களும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறைகளில் உருவாவது.

அங்கே துளையில் சிறு வெடி வெடித்தோ, கனரக ஊர்தியின் தகட்டைத் தரையில் அழுத்தி அதிரவைத்தோ எழுப்பப்படும் நில அதிர்வலை, பாறை அடுக்கு மாறும் இடங்களில் பட்டு எதிரொலியாகத் திரும்ப, வரிசையாகத் தரையில் குத்தப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் ஜியோபோன் என்னும் உணரிகள் அதைப் பதிவு செய்கின்றன. அலையின் சராசரி வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டர் எனில், 2 நொடியில் போய்த் திரும்பும் எதிரொலி 3 கிலோமீட்டர் ஆழத்து அடுக்கைக் குறிக்கும். இந்தப் பதிவு எண்ணெயை நேரே காட்டுவதில்லை. எண்ணெய் தேங்கக்கூடிய, கவிழ்த்த சட்டி போன்ற பாறை மடிப்பைக் காட்டுகிறது, மற்றதைத் துளையிட்டே அறிய வேண்டும்.

திருத்தணி வயல்களில் கம்பி நட்டு அளவெடுப்போரைக் கண்டால், அவர்கள் பெரும்பாலும் நிலத்தின் மின்தடையை அளந்து, பாறை வெடிப்புகளில் கிணற்று நீர் தேடுவோரே.