ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பதறாதீங்க!

"சும்மா ஒரு விசாரணைதான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர்த் தகராறு, டூவீலர் உரசல், கொடுக்கல் வாங்கலில் மனக்கசப்பு என்று எதுவானாலும் முதலில் வருவது இந்த போன்தான். தப்பே செய்யாதவங்களுக்கும் கை கால் உதறும். அந்த உதறலில் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பிறகு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையறவங்க நிறைய. அதனால்தான் ஒரு அக்காவா இதைச் சொல்றேன்.

பேசுறவரின் பெயர், பதவி, ஸ்டேஷன் எது, யார் கொடுத்த புகார், உங்களைக் கூப்பிடுவது சாட்சியாகவா, எதிர்த்தரப்பாகவா... இத்தனையும் கேட்டு ஒரு தாளில் குறிச்சுக்குங்க. "சார், எழுத்துல நோட்டீஸ் கொடுங்க, கண்டிப்பா வர்றேன்" என்று பணிவாகவே சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவுப்படி, கைது தேவைப்படாத வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போலீஸ் நோட்டீஸ்தான் கொடுக்கணும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் அவசியம் என்று காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றும் 2025-ல் சொல்லியிருக்கு. ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, குறித்த தேதியில் தவறாமல் போயிடுங்க. போகாமல் இருந்தால் அதையே காரணம் காட்டிக் கைது செய்யலாம்.

சாட்சியாக விசாரிக்க என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும், 60 வயது தாண்டியவர்களையும், கடும் நோயில் இருப்பவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது; போலீஸ்தான் வீட்டுக்கு வரணும். அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டால் இதை நினைவில் வெச்சுக்குங்க.

இப்போ கையெழுத்து விஷயத்துக்கு வர்றேன். இதில்தான் நம்ம ஆளுங்க அதிகம் ஏமாறுறாங்க. விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கலாம், ஆனால் அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கச் சட்டத்தில் இடமே இல்லை. போலீஸிடம் 'நான்தான் செஞ்சேன்' என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாலும், அதை மட்டும் வைத்துக் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க முடியாது. கைதுக் குறிப்பு, பொருள் கைப்பற்றிய மகஜர் மாதிரியான தாள்கள் வேறு. அவற்றில் கையெழுத்துக் கேட்பாங்க. அப்போது வரி வரியாகப் படிங்க. தேதி, நேரம், இடம் மூன்றும் சரியா என்று பாருங்க. காலை 10 மணிக்குக் கூட்டிப்போய்விட்டு மாலை 6 மணி என்று எழுதியிருந்தால், 'என்னைக் கூட்டி வந்தது காலை 10 மணி' என்று கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்க. வெற்றுத் தாளில் மட்டும் யார் சொன்னாலும் போடாதீங்க.

உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு உரிமை தருது. பொய் சொல்வதைவிட, "வக்கீலைக் கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்பது ஆயிரம் மடங்கு நல்லது. விசாரணை நடக்கும்போது வக்கீலைச் சந்திக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கைது என்றே ஆகிவிட்டால் காரணத்தைச் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் தரணும், டாக்டரிடம் காட்டணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். மிக அரிதான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அப்போதும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் போலீஸும் வேணும்.

டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாயை மூடிக்கிட்டு நிற்கக் கூடாது, தம்பிகளா. அடித்திருந்தால் எங்கே வலிக்குது என்று டாக்டரிடம் காட்டி எழுதச் சொல்லுங்க. மாஜிஸ்திரேட் கேட்கலை என்றாலும் நீங்களாகவே சொல்லுங்க. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான அப்பாவும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன சில நாளில் அடுத்தடுத்து இறந்துபோனதைத் தமிழ்நாடு மறக்காது. போலீஸ் பிடியிலிருந்து சிறைக்குப் போகும் வழியில் உங்களைப் பார்க்கும் வெளி ஆட்கள் அந்த டாக்டரும் மாஜிஸ்திரேட்டும்தான்.

அடுத்தது ஜாமீன். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அது கெஞ்சிப் பெறும் சலுகை கிடையாது, உங்கள் உரிமை. ஸ்டேஷனிலேயே விடலாம். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் ஆகிவிட்டால், ஏழை என்று கருதிச் சொந்தப் பிணையில் விடணும். இதற்காக யாருக்கும் பணம் அழாதீங்க.

இன்னொன்று. வீடியோ காலில் யூனிஃபார்மோடு வந்து 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செஞ்சிருக்கோம்' என்றால் உடனே கட் பண்ணுங்க. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க.

வக்கீல் வைக்கக் காசில்லையே என்று யாரும் முடங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். இலவச சட்ட உதவி எண் 15100. இப்பவே உங்கள் போனிலும் அம்மா போனிலும் சேவ் பண்ணிடுங்க.