கோடு வரையும் முன்

அன்புள்ள கண்ணம்மா,

பள்ளி மாவட்ட அலுவலகத்தில், எல்லைகளைத் திருத்தி வரையும் குழுவில் உன்னைச் சேர்த்திருப்பதாகத் தம்பி போனில் சொன்னான். மனசு நிறைந்தது. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்று தீர்மானிக்கிற வேலை அது. அமெரிக்காவில் கோடு ஒரு தெரு தள்ளிப் போனால் வீட்டு விலையே மாறிவிடும். ஆகவே உன்னைத் தேடி நிறையப் பேர் வருவார்கள். தேடி வர முடியாதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிகாகோவில் 2013இல் ஏறக்குறைய ஐம்பது அரசுப் பள்ளிகளை மூடினார்கள். மூட வேண்டிய பள்ளிகளின் பட்டியல் வெளிவந்த பிறகும் அங்கே கருத்துக் கேட்புகள் நடந்தன. பெற்றோர் திரண்டு வந்து மைக் முன்னால் மன்றாடினார்கள். பட்டியலில் சில பள்ளிகள்தான் தப்பின. இடம்பெயர்ந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதே நகரில் டையட் உயர்நிலைப் பள்ளியை மூட வாரியம் முடிவெடுத்தபோது, அந்தப் பகுதி மக்கள் எதிர்த்ததோடு நிற்கவில்லை, பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் செவிசாய்க்க ஆளில்லை. 2015இல் பன்னிரண்டு பேர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2016இல் பள்ளி மறுபடி திறந்தது. மக்கள் எழுதிய திட்டப்படி அல்ல, கலைப் பள்ளியாக. ஊர் மக்களைப் பட்டினி கிடக்க வைத்த பிறகு காது கொடுப்பதைக் கருத்துக் கேட்பு என்று சொல்லாதே.

நியூயார்க் நகரின் புரூக்ளினில் உள்ள 15ஆம் பள்ளி மாவட்டத்தை நீ நன்றாகப் படிக்க வேண்டும். பார்க் ஸ்லோப்பின் வசதியான வீடுகள், ரெட் ஹூக்கின் அரசுக் குடியிருப்புகள், சன்செட் பார்க்கின் லத்தீன், சீனக் குடும்பங்கள், எல்லாம் அந்த ஒரே மாவட்டத்துக்குள். பதினொரு நடுநிலைப் பள்ளிகள். மதிப்பெண், வருகைப்பதிவு, நேர்காணல் என்று அவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகளைச் சலித்தெடுத்ததால், ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளிலேயே குவிந்தார்கள். இந்தச் சேர்க்கை முறையை மாற்றுவதற்கு முன் மாதக்கணக்கில் கூட்டங்கள் நடத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் இருந்தார், சாப்பாடு இருந்தது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. இது சின்ன விஷயமில்லை. மாலை ஷிப்ட் வேலை பார்க்கும் தாய்க்கு இவை இல்லாவிட்டால், கூட்டத்தின் கதவு திறந்திருந்தும் பயனில்லை. 2018 செப்டம்பரில் திட்டம் ஏற்கப்பட்டது. சலித்தெடுப்பை நீக்கிக் குலுக்கல் முறை வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் 52 சதவீத இடங்களில் ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், வீடற்ற பிள்ளைகள் ஆகியோருக்கு முன்னுரிமை. அந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் பங்கும் ஏறக்குறைய அதுவே. சேர்க்கையோடு நிற்காமல், வகுப்பறைக்குள் பிள்ளைகள் நடத்தப்படும் விதம் பற்றியும் பரிந்துரைகள் இருந்தன.

இன்னொன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பு பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்தது, அதன் நியாயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தென் மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்தியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள்தான். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். நல்ல நோக்கத்தின் சுமையை ஏற்கெனவே வதைபட்டவர்களே சுமந்தார்கள். எந்த வரைபடம் மேஜைக்கு வந்தாலும், விடியற்காலையில் பஸ் ஏறப்போவது யார் வீட்டுப் பிள்ளை, யாருடைய பள்ளிக்குப் பூட்டு என்று கேள்.

நம்மவர்களும் உன்னிடம் வருவார்கள். பள்ளியின் மதிப்பீட்டைப் பார்த்துத்தானே நாம் வீடே வாங்குகிறோம். "நம்ம பொண்ணு உள்ளே இருக்கா" என்ற உரிமையோடு பேசுவார்கள். பணிவாகக் கேட்டுக்கொள். ஆனால் அங்கிள், ஆன்ட்டி என்பதற்காக யாருக்கும் கூடுதல் எடை போடாதே.

கேட்டதை எழுதி வை. எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று அதே மக்களிடம் அவர்கள் மொழியிலேயே போய்ச் சொல். பதில் வராத இடத்துக்கு யாரும் இரண்டாம் முறை வர மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன், ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோரிடம் எந்த நேரம் தோதுப்படும் என்று விசாரித்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா