வெள்ளித் துகளும் பாக்டீரியாவும்

பச்சிளங்குழந்தைகளின் கண்களைத் தொற்றிலிருந்து காக்க, ஜெர்மானிய மருத்துவர் கார்ல் கிரெடே 1880களில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் துளியாக இட்டார். அவ்வெள்ளியே இன்று நானோ துகளாகித் தீக்காயக் கட்டுத்துணிகளில் இடம்பெறுகிறது.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. வெள்ளியை 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக்கினால் அதன் மொத்தப் புறப்பரப்பு பன்மடங்கு பெருகும். வெள்ளி அயனிகள் மிகுதியாக வெளிப்படும். அவை பாக்டீரியாவின் செல்சவ்வைச் சிதைத்து, உள்ளிருக்கும் புரதங்களையும் செயலிழக்கச் செய்கின்றன. ஒரே வேளையில் பல இடங்களில் விழும் இத்தாக்குதலை எதிர்கொள்வது பாக்டீரியாவுக்குக் கடினம், ஆயினும் இயலாததன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தீக்காயப் பிரிவொன்றில் வெள்ளியை எதிர்த்து வாழும் சால்மோனெல்லா பரவியதை 1975இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது.

காலுறைகளிலும் இன்று வெள்ளித் துகள் சேர்க்கப்படுகிறது. தேவையற்ற இடங்களில் அதனைப் பரப்பினால், புண்ணாற்ற வேண்டிய வேளையில் அது பயனற்றுப் போகக்கூடும்.