காம்பராவும் கமராவும்: தெறிப்பொளிக்கேற்ற துணைவிளக்கு

மலையகத் தோட்டங்களில் லயத்து அறையைக் காம்பரா என்பர். அச்சொல் போர்த்துக்கேயர் வாயிலாக நம் நாட்டிற்கு வந்தது. கமரா என்னுஞ் சொல்லும் அதே இலத்தீன் வேரினின்று பிறந்ததேயாம். இருட்டறை என்பதே அக்கருவியின் பழம்பெயர். ஆகவே, காம்பராவினுள் கமராவைக் கொண்டு செல்பவர் ஓர் அறைக்குள் மற்றோர் அறையைக் கொண்டு செல்கின்றார். இரண்டிற்கும் வேண்டுவது ஒளி. அவ்வொளியைத் தக்கவாறு பெறுதற்கு எத்தகைய சிறு பிளாஷ் விளக்கைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஐம்பதாண்டு கொழுந்தெடுத்த ஒரு மூதாட்டியைக் காம்பராவில் வைத்துப் படம் பிடிக்கின்றோம் எனக் கொள்வோம். கமராவோடு இணைந்த பிளாஷ் முகத்தில் நேரே அடிக்கின்றது. நெற்றி வெளுக்கின்றது, மூக்குத்தி கண்ணைக் கூசச் செய்கின்றது, பின்சுவரிற் கருநிழல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றது. வாழ்நாள் முழுவதும் முகத்தில் எழுதிய கோடுகள் யாவும் அழிந்துவிடுகின்றன. நாளை மாலையிட்டுச் சுவரில் மாட்டப்படுவதும், பேரப்பிள்ளைகள் பார்த்து அறிவதும் அந்தப் படமே. எனவே இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று.

குறை எங்குள்ளது? ஒளி தோன்றும் இடம் சிறிதாயின் நிழல் கடுமையாகும். பெரிதாயின் நிழல் மென்மையாகும். நுவரெலியாவில் மூடுபனி கவிந்த நாளில் நிழல் விழாமை யாவரும் கண்டதே. அன்று சூரியன் தனித்து ஒளிர்வதில்லை. வானம் முழுவதுமே விளக்காகி விடுகின்றது. தீப்பெட்டியளவான பிளாஷின் முகத்தை வெண்சுவரை நோக்கித் திருப்பினால், அச்சுவரே பெருவிளக்காகின்றது. இதுவே தெறிப்பொளி.

பரந்த ஒளியின் அருமையை நன்கறிந்த ஒருவர் நம் அயலிலேயே துயில்கின்றார். ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, கோழிக்கூடாக இருந்த இடத்தைக் கண்ணாடி மனையாக்கி, சாளர ஒளியைத் திரைகளால் அடக்கி முகங்களைப் படம் பிடித்தவர். 1875இல் இலங்கைக்கு வந்த அவர், 1879இல் டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேண் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவருக்குக் கண்ணாடி மனை இருந்தது. நமக்குச் சிறு துணைவிளக்கு போதும். ஆயினும் அது சில இயல்புகளை உடையதாதல் வேண்டும்.

முதலாவது, தலை மேல்நோக்கி நிமிர்வதோடு பக்கவாட்டிலும் சுழல வேண்டும். கனன் 270 ஈஎக்ஸ் 2, நிக்கோன் எஸ்பி-400 ஆகியவற்றின் தலை நிமிருமேயன்றிச் சுழலாது. கமராவைச் செங்குத்தாகப் பிடித்தவுடன் அவற்றின் ஒளி கூரையை விட்டுப் பக்கத்திற்கு ஓடிவிடும். கனன் ஈஎல்-100, நிக்கோன் எஸ்பி-500, கோடாக்ஸ் டிடி 350 என்பன இரண்டும் செய்யும். இவை யாவும் இரண்டு பற்றரிகளில் இயங்கும் சிறு விளக்குகளே.

இரண்டாவது, ஒளியின் அளவை நாமே கூட்டவும் குறைக்கவும் இயல வேண்டும்.

மூன்றாவது, கமராவினின்று பிரித்துத் தூரத்தில் வைத்தாலும் இயங்க வேண்டும். முதல் விளக்கின் ஒளியைக் கண்டு இயங்கும் வகையாயின், கமரா அளவறிய வீசும் முன்னொளியைப் பொருட்படுத்தாத அமைப்பு அதில் இருத்தல் அவசியம். இன்றேல் துணைவிளக்கு முந்திக்கொண்டு வீணாகிவிடும். வானொலி அலையால் இயங்குவதாயின் இத்தொல்லை இல்லை.

நான்காவது, வலிமை. வழிகாட்டு எண்ணை ஒளி செல்லும் தூரத்தால் வகுத்தால் துவார எண் கிடைக்கும். எண் 20 உடைய விளக்கின் ஒளி கூரைக்குச் சென்று திரும்ப 4.5 மீற்றர் செல்லுமாயின், 20ஐ 4.5ஆல் வகுக்க ஏறக்குறைய 4.4 வரும். தெறிப்பில் இரண்டு படிகள் குறையுமாதலின் 2.2 ஆகும். ஐ.எஸ்.ஓ. 100ஐ 400 ஆக்கினால் இழந்ததை மீட்டு 4.4க்கே திரும்பலாம். சாதாரண அறைக்கு இது போதும். கல்லூரி மண்டபத்தில் தூரம் 8.5 மீற்றராகுமாயின், ஐ.எஸ்.ஓ. 1600 வரை செல்ல நேரும். அங்கு எண் 36 உடையது நன்று. ஆனால், அவ்வெண் விளக்கின் ஒளியைக் குவித்துவைத்து அளந்ததா, விரித்துவைத்து அளந்ததா எனக் கேட்டறிக. குவித்து அளந்த எண் எப்போதும் பெரிதாகவே தோன்றும்.

வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய பிளாஷைப் புதிய கமராவிற் பூட்டுதல் ஆபத்தானது. அவற்றுட் சில 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கமராவினுட் செலுத்தி அதனைப் பழுதாக்கும்.

இனி நம் இடத்திற்குரிய சிக்கல் ஒன்றுண்டு. நூல்கள் கூரையை நோக்கித் திருப்புக என்று கூறும். லயத்துக் கூரையோ புகையேறிய தகரம். அது ஒளியை விழுங்கிவிடும். பச்சை, நீலச் சுவர்களோ தம் நிறத்தை முகத்திற் பூசிவிடும். இதற்கு வழி வீட்டிலேயே உள்ளது. வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துத் துணிக்கொடியில் தொங்கவிட்டு, துணைவிளக்கை அதன்பால் ஒரு மீற்றர் தூரத்திலிருந்து திருப்புக. வேட்டி முகத்திற்குச் சற்றுப் பக்கமாக, வாசல் ஒளி வரும் திசையிலேயே இருப்பின் படம் இயற்கையாகத் தோன்றும். ஒளி செல்லும் தூரம் 2.5 மீற்றர் அளவினதாதலால் எண் 20 உடைய சிறு விளக்கே தாராளம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் சிறுமை இங்கே உதவியாகின்றது.

மாணவர்களே, விலையுயர்ந்த விளக்கைத் தேடி அலைய வேண்டா. தலை சுழலும் சிறு விளக்கொன்றும் வெள்ளை வேட்டியொன்றும் போதும். கமரன் அம்மையார் 1878இல் எடுத்த படமொன்று களுத்துறை நாட்டுப்புறத்தார் என்னும் பொதுப்பெயரையே தாங்கி நிற்கின்றது. அதிலுள்ளோர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நீவிர் எடுக்கும் படத்தின் பின்புறத்தில் பெயரையும், தோட்டத்தையும், ஆண்டையும் மறவாது எழுதுக. நல்லொளி முகத்தைக் காக்கும். எழுத்தே பெயரைக் காக்கும்.