சவர்த் தண்ணியும் மீன்தொட்டிச் செடியும்

அன்பு மருமகனுக்கு,

மீன்தொட்டியில் வைத்த செடியெல்லாம் அழுகுது, புங்குடுதீவுத் தண்ணிதான் காரணமோ என்று கேட்டிருந்தாய். பாதிக் காரணம் தண்ணி. மீதி நீதான், கோபிக்காதே.

சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வாற கிணத்துத் தண்ணி எங்கட. வன்மை கூட, பல கிணறுகளில் சவர் வேறு. அதுக்கேற்ற செடியைத் தேடாமல், கடையில் வடிவாய் நின்ற சிவப்பு இலையை வாங்கினால் அது என்ன செய்யும்? நீட்டு இலை வலிசுனேரியாவைக் கேட்டு வாங்கு. தண்ணியில் கரைந்திருக்கிற இருகாபனேற்றிலிருந்தே காபனை எடுக்கத் தெரிந்த செடி அது. வன்னீர் அதுக்கு வசதிதான். கொஞ்ச உப்பையும் தாங்கும். ஜாவா பேர்னும் வைக்கலாம். ஆனால் அதின்ர தண்டை மணலில் புதைத்தால் அழுகும், கல்லோடு நூலால் கட்டிவிடு. நீ புதைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

"கிரிப்டோகொரைன் இலங்கைச் செடிதானே, அது ஏன் கரைந்தது?" என்பாய். இலங்கைதான், ஆனால் அதின்ர இலங்கை இனங்களில் அனேகத்தின் வீடு மழை கூடின தென்மேற்குப் பக்கத்து ஓடைகள். இடம் மாறினால் இலை முழுக்கக் கரையும்; வேர் இருந்தால் சில கிழமையில் திரும்பத் துளிர்க்கும். நாளுக்கொருக்கால் பிடுங்கிப் பார்க்கிறதை விடு.

தண்ணி குறையக் குறையக் கிணத்துத் தண்ணி விடுறன் என்று பெருமையாய் எழுதியிருக்கிறாய். அதுதான் பெரிய பிழை. ஆவியாய்ப் போறது வெறும் தண்ணி. உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே நிற்கும். கண்ணாடியில் தண்ணி மட்டத்தோடு ஒரு வெள்ளைக் கோடு படிந்திருக்கும், நகத்தால் சுரண்டிப் பார். மேலும் மேலும் சவர் விட்டால் நீ வளர்க்கிறது மீனில்லை, உப்பளம். குறைந்ததை மழைத் தண்ணியால் நிரப்பு. மாரியில் முதல் மழை கூரை ஊத்தையைக் கழுவிப் போகட்டும், அடுத்ததைப் பிடித்து வை. கிழமைக்கொருக்கால் கால்வாசித் தண்ணியை இறைத்து மாற்றினால் சேர்ந்த உப்பும் குறையும். குடிக்கவென்று வாற பவுசர்த் தண்ணியில் கைவைத்தாயோ, அக்கா உன்னைத்தான் தொட்டிக்குள் வைப்பா.

யன்னல் வெயிலில் தொட்டியை வைக்காதே, பாசி மூடிப்போடும். ஆறேழு மணித்தியால விளக்கு காணும்.

செடி பெருகினால் குளத்திலோ கேணியிலோ கொண்டுபோய்க் கொட்டாதே. வடிவுக்கென்று 1905இல் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆற்றுவாழையை ஒழிக்க 1909இல் சட்டமே போட்டவை, இன்னும் ஒழியவில்லை. மிஞ்சினதை நல்லாய்க் காயவைத்து முருங்கைக்கு அடியில் போடு.

அன்புடன்,
மாமா