பழைய பொருள்களால் ஒரு விருந்து: புடவை முதல் தாம்பூலம் வரை முழுமையான வழிகாட்டி

வெண்கல உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடும் வழக்கம் இப்போது எல்லா ஊரிலும் பரவிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் அந்த உருளியை வார்த்தவர் பாயசம் கிண்டுவதற்காகத்தான் வார்த்தார். பாயசம் வைத்துப் பரிமாறினால் அதன் அழகு கூடுமே தவிர குறையாது.

பழைய பொருளை அலமாரியில் நிறுத்தாமல் புழக்கத்துக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கானது இது. இலக்கைச் சிறிதாக வைத்துக்கொள்வோம்: ஒரு மாலை, ஆறேழு விருந்தினர், பீரோவிலிருந்து ஒரு புடவை, பரணிலிருந்து நாலு பாத்திரம். தயாராவதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். புதுக் கல்சட்டியைப் பழக்கவே ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும்.

1. கடைக்குப் போகும் முன் பரணில் ஏறுங்கள்

எவர்சில்வர் வந்த காலத்தில் எத்தனையோ வீடுகள் பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுப் பாத்திரம் வாங்கின. தப்பியவை பரணில் இருக்கின்றன. அம்மா வீடு, மாமியார் வீடு, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு என்று எங்கே வாய்ப்பு இருக்கிறதோ அங்கே முதலில் தேடுங்கள். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே தேடுவது நல்லது. எந்தப் பாத்திரம் எதற்குப் புழங்கியது என்பதைக் கடைக்காரரைவிட உங்கள் அத்தை சரியாகச் சொல்வார்.

கிடைத்த பாத்திரத்தின் கழுத்தையும் அடியையும் துடைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் இருக்கும். உரிமையாளரின் பெயர் அல்லது வீட்டின் விலாச எழுத்துகள், சிலவற்றில் திருமணம் போன்ற விசேஷமும் தேதியும்கூட இருக்கும். பாத்திரத்தின் வயதைச் சொல்ல அதைவிட நம்பகமான சான்று கிடையாது. பாலிஷ் போடக் கொடுத்தால் அந்த எழுத்து தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன இடம் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா, மலாயா, இலங்கை என்று வாணிபத்துக்குப் போன நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த சாமான்கள் அவை: எனாமல் தூக்கு, அடுக்கு, பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம், மரப் பெட்டி. எனாமல் பாத்திரத்தைத் திருப்பினால் சுவீடன் நாட்டு முத்திரையைக்கூடப் பார்க்கலாம். சென்னையில் இப்படித் துழாவித் தேட ஒருகாலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985ஆம் ஆண்டுத் தீயில் அது போய்விட்டது.

பழசு போல் ஆக்கிய புதுசும் சந்தையில் உண்டு. கண்டுபிடிக்கத் தேய்மானத்தைப் பாருங்கள். உண்மையில் புழங்கிய டம்ளர் விளிம்பிலும் அடியிலும் கைபடும் இடத்திலும் தேய்ந்திருக்கும். மூலைமுடுக்கில் மட்டும் கறுத்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

சாமி சிலைகளை மட்டும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பங்களும் ஓவியங்களும் தொல்பொருள்கள். சுவடிகளுக்கு 75 ஆண்டுகள் போதும். பதிவு செய்வது, கைமாற்றுவது, நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எந்தக் கோயிலிலிருந்து போனது என்று தெரியாத சிலை நம் வரவேற்பறைக்கு வேண்டாம்.

3. உடை: புடவையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பழைய காஞ்சிபுரம் பட்டு கிடைத்தால் கட்டுவதற்கு முன் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்து, இரண்டும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தால் அது கோர்வை. தறியில் இரு பக்கக் கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடும். நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தானை தொடங்கும் இடத்தில் தடித்த கோடு போல ஒரு சேர்ப்பு தெரிந்தால் அது பேட்னி: உடலின் பாவு இழைகளோடு முந்தானையின் பாவு இழைகளைப் பிணைத்த தடம். இந்த உழைப்பைப் பார்த்த பிறகு அந்தப் புடவையை யாரும் சரிகைக்காக விற்க மாட்டார்கள். பழைய பட்டை எடைபோட்டு வாங்கி, சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வியாபாரம் ஊர் ஊராக இன்னும் நடக்கிறது. அவர்கள் சொல்லும் விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

சரிகை அசலா என்று பார்க்க, பின்பக்கத்தில் தொங்கும் ஒரு நூலை எடுத்து நகத்தால் உரியுங்கள். பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது அசல் சரிகை. உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். செம்புத் தகடு வந்தால் அது மட்டமான சரிகை, நைலான் போன்ற இழை வந்தால் போலி.

அடுத்தது வலுவைச் சோதிப்பது. பட்டு முதலில் இற்றுப்போவது மடிப்பில்தான். மடிப்புக் கோட்டை இரு கைகளாலும் லேசாக இழுங்கள். இழை விட்டால் அந்தப் புடவையைக் கட்ட வேண்டாம். கரையை மட்டும் எடுத்துப் புதுத் துணியில் சேர்த்துத் தைக்கலாம். பாட்டியின் ஒன்பது கஜம் வலுவாக இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். மடிசார் கட்டக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும்.

பட்டு இல்லாவிட்டாலும் குறையில்லை. கட்டமும் அகலக் கரையுமாக வரும் காரைக்குடி கண்டாங்கி 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மதுரைச் சுங்குடியும் அந்தப் பட்டியலில் உண்டு. முழங்கை வரை கை வைத்த ரவிக்கை போட்டால் அதுவே பழைய புகைப்படத்தின் தோற்றத்தைக் கொடுத்துவிடும். ஆண்களுக்கு மயில்கண் கரை வேட்டியும் அங்கவஸ்திரமும். தலை முதல் கால் வரை பழசாக இருந்தால் நாடக வேஷம் போலாகும். ஒன்றோ இரண்டோ போதும்.

4. பாத்திரங்கள்: எது அடுப்புக்கு, எது அழகுக்கு

கல்சட்டி மாக்கல்லில் கடைந்தது. சேலம் பக்கத்துக் கல் பிரசித்தம். புதிதாக வாங்கினால் விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஒரு நாள் வையுங்கள். கழுவிவிட்டு, வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக ஊற்றி ஆறவிடுங்கள். தினமும் கஞ்சியை மாற்றி, சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் கழித்துச் சிறுதீயில் ஏற்றலாம். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். இன்னொன்று, அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும்; அதனால் பதம் வருவதற்குச் சற்று முன்பே அணைத்துவிடுங்கள்.

ஈயச் சொம்பில்தான் கவனம் அதிகம் தேவை. ரசத்துக்கு உரியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அது சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது. வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் கறுப்பாகக் கோடு போடும், வெள்ளீயம் அப்படிக் கறை விடாது. ஆனால் இது முதல் சோதனை மட்டுமே, கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய சொம்பை ஆய்வகத்தில் சோதிக்காமல் அடுப்பில் வைக்காதீர்கள். சமைப்பதற்கு நம்பிக்கையான பாத்திரக் கடையில் புதிதாக வாங்குவதே என் பரிந்துரை.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சொம்புக்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை ஏற்றினால்தான் நொடியில் அடி ஒழுகும். ஆகவே புளித்தண்ணீர், உப்பு, மஞ்சள், ரசப்பொடி எல்லாவற்றையும் ஊற்றிப் போட்ட பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். தீ அடிப்பாகத்தை விட்டுப் பக்கவாட்டில் ஏறக் கூடாது. பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீர் விட்டு, நுரைத்து மேலே எழும்போதே இறக்கிவிடுங்கள். தாளிப்பு தனியாக இரும்புக் கரண்டியில்.

பித்தளையில் புளி, தயிர், எலுமிச்சை பட்டால் களிம்பு ஏறும். உள்ளே ஈயம் பூசிய பித்தளையில் மட்டும் சமையுங்கள். பூசுபவர்கள் குறைந்துவிட்டாலும் பாத்திரக் கடைத் தெருவில் விசாரித்தால் ஆள் கிடைப்பார். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துப் பரப்பும் வேலையை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய எனாமலை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலப் பூச்சுகளில், குறிப்பாகச் சிவப்பிலும் மஞ்சளிலும், கன உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. வாழையிலை விரித்து அதன்மேல் முறுக்கு, சீடை அடுக்கலாம்.

5. சமையல்: நாலு பதார்த்தம் போதும்

கல்சட்டியில் வத்தக்குழம்பு, ஈயச் சொம்பில் ரசம், கீரை மசியல், சுட்ட அப்பளம். இனிப்புக்குக் கவுனி அரிசி: முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் நன்றாக வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளற வேண்டும். பர்மாத் தொடர்பில் செட்டிநாட்டு விருந்துக்கு வந்துசேர்ந்த கறுப்பரிசி அது.

பழைய சமையல் புத்தகம் கையிலிருந்தால் அதிலிருந்தே ஒன்றைச் செய்து பாருங்கள். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதலில் வந்தது 1951இல். நாடு மெட்ரிக் அளவைக்கு மாறாத காலம். அக்காலக் குறிப்புகளில் படியும் ஆழாக்கும் பலமும் வரும். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆனால் படியின் அளவே ஊருக்கு ஊர் மாறியது. அதனால் மில்லிலிட்டர் கணக்குக்குத் தலையை உடைத்துக்கொள்ளாமல், ஒரே ஆழாக்கால் அரிசியையும் பருப்பையும் தண்ணீரையும் அளந்துவிடுங்கள். விகிதம் சரியாக வந்தால் பதமும் வரும்.

6. வரவேற்பும் பொழுதுபோக்கும்

வாசலில் பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டு. கல்யாண மண்டபத்தில் யாரோ அவசரமாகத் தெளித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டில் நீங்களே நின்று, வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்றுத் தெளித்தால் அந்த உபசாரத்துக்கு உயிர் வந்துவிடும். பரிமாறுவது தலைவாழை இலையில், நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம்.

பாட்டுக்குக் கிராமபோன் இருந்தால் நல்லது. 78 சுழற்சித் தட்டுகள் அரக்கில் செய்தவை, விழுந்தால் உடையும். ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். பிற்கால வினைல் எல்.பி. தட்டைப் பழைய கிராமபோனில் போட்டுவிடாதீர்கள், அதன் எஃகு ஊசி தடத்தைக் கிழித்துவிடும்.

விளையாட எதுவும் வாங்கத் தேவையில்லை. தரையில் கோலமாவால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரையுங்கள்: 23 முனைகள், 3 புலிகள், 15 ஆடுகள். புளியங்கொட்டை ஆடு, சோழி புலி. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைத்தால் ஜெயிக்கும். பல்லாங்குழிப் பலகை இருந்தால் இன்னொரு ஜோடிக்கு அது. கைப்பேசி தானாகவே ஓரம் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பாக்குவெட்டியையும் சுண்ணாம்புக் கரண்டகத்தையும் தட்டில் வையுங்கள். புகையிலை மட்டும் வேண்டாம். பித்தளை டபராவில் காபி கொடுப்பதானால் தாம்பூலத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

7. எல்லோரும் போன பிறகு

பட்டுப் புடவையை அன்றிரவே மடிக்காதீர்கள். வியர்வை ஈரம் போக நிழலில் உலர்த்தி, மறுநாள் பழைய மடிப்பை விட்டு வேறு இடத்தில் மடித்து, பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது.

கல்சட்டிக்குச் சோப்பு போட்டால் கல் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும். கடலை மாவு போதும். ஈயச் சொம்பைக் கம்பி நாரால் தேய்க்காமல் மெல்லிய துணியால் கழுவுங்கள். பித்தளையை வெளிப்புறம் மட்டும் புளி போட்டுத் துலக்கி, ஈரம் தங்காமல் உடனே துடையுங்கள். துடைக்கும்போதே உள்பூச்சில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அடுத்த விருந்துக்கு முன் ஈயம் பூசக் கொடுத்துவிடுங்கள்.