ஒரு சொல்லும் ஒரு மதிலும்

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கர் யூதருக்காகவும் செபிப்பர். அச்செபத்தில் யூதருக்கு, ‘நம்பிக்கையற்ற’ என்றும் ‘துரோகம் செய்த’ என்றும் பொருள்படும் இலத்தீன் அடைமொழி ஒன்று நெடுங்காலம் நின்றது. 1959-இல் போப் இருபத்து மூன்றாம் ஜான் அதை நீக்கினார். ஒரு சொல்தானே என்று நானும் எண்ணினேன், நண்பர்களே! பின்னரே 1555-ஆம் ஆண்டு ஆணையைப் பற்றிப் படித்தேன். யூதர் தம் குற்றத்தால் நிரந்தர அடிமைத்தனத்துக்கு உரியவராம்! அதைச் சொல்லியன்றோ போப் நான்காம் பால் உரோமை யூதரை மதிலுக்குள் அடைத்தார்?

1960-இல் ஜூல் ஐசக் என்ற முதிய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜானைக் கண்டு, யூதரை இழிவுபடுத்தும் போதனையைத் திருத்த வேண்டினார். அவர் மனைவியையும் மகளையும் நாஜிகள் கொன்றிருந்தனர். 1965-இல் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்காக அன்றிருந்த யூதர் எல்லோர்மீதோ இன்றைய யூதர்மீதோ பழி சுமத்தலாகாது என்று 2,221 வாக்குகளால் அறிவித்தது. எதிர்த்தோர் 88 பேர். ஐசக் அதைக் காணவில்லை, 1963-லேயே மறைந்துவிட்டார்.